விக்டோரியா காலத் தேவாலயத்தை எப்படிப் பார்ப்பது?

லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் கடைவீதிக்குக் கொஞ்சம் வடக்கே மார்கரெட் ஸ்ட்ரீட் என்று ஒரு குறுகலான தெரு இருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டடங்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். நடுவே ஓரிடத்தில் ஒரு வாசல். அதற்குள் சின்ன முற்றம். முற்றத்துக்கு அப்பால், இளஞ்சிவப்புச் செங்கல்லும் கறுப்புச் செங்கல்லும் பட்டை பட்டையாக எழும்பும் ஒரு தேவாலயம். அதன் கோபுர உச்சி 227 அடி. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் மேற்குக் கோபுரங்களைவிட இரண்டடி கூடுதல். ஆலயத்தின் பெயர் ஆல் செயின்ட்ஸ், கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டு. 1850 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1859 மே மாதம் பிரதிஷ்டை நடந்தது.

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் புதிது புதிதாகத் தேவாலயங்கள் எழுந்துகொண்டே இருந்தன. பெரும்பாலும் பங்கு ஆலயங்கள், அதாவது ஒரு சுற்றுவட்டாரத்து மக்கள் ஞாயிறுதோறும் கூடுகிற ஆலயங்கள். கூரான வளைவு, உயரமான ஊசிக்கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல் என்று எல்லாவற்றிலும் ஒரே சாயல் தெரியும். அதனால் நிறையப் பேர், "ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பாணியைப் பார்த்துக் கட்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஆலயங்களில் பழசைப் பார்த்து எடுத்தது ஒரு பங்கு என்றால், அந்தக் காலத்தின் சொந்த வாதம் மூன்று பங்கு. எப்படி வழிபட வேண்டும், எப்படிக் கட்டினால் அது நேர்மையான கட்டடம் என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு ஆலயமும் தன் சுவரால் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை வாசிக்கத் தெரிந்துகொள்ள ஆல் செயின்ட்ஸைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கூர்வளைவு திரும்பி வந்த கதை

1801-ல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1851-ல் 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள் உட்கார ஆலயங்களில் இடமில்லை. 1818-ல் நாடாளுமன்றம் புதிய ஆலயங்கள் கட்ட 10 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. அந்தப் பணத்தில் எழுந்தவை பெரும்பாலும் சிக்கனமான செவ்வகக் கூடங்கள். எவ்வளவு பேரை உட்காரவைக்கலாம் என்பதுதான் முதல் கணக்கு. மூன்று பக்கமும் மாடி இருக்கைகள், கண்ணில் படுகிற மாதிரி உயரமான பிரசங்க மேடை, காசு கொடுத்தவர்களுக்குக் கதவு வைத்த தனி இருக்கை, ஏழைகளுக்கு மிச்சமிருக்கும் இடம். பலிபீடம் எங்கேயோ ஒரு கோடியில் சின்ன மேசையாக இருக்கும்.

இது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1833-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கீபிள், ஜான் ஹென்றி நியூமன், எட்வர்டு பியூசி ஆகியோர் தொடங்கிய இயக்கம், இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் சபை தன் பழைய வழிபாட்டு மரபை மீட்டெடுக்க வேண்டும், பலிபீடத்தில் அப்பமும் திராட்சை ரசமும் வைத்து நடத்தும் நற்கருணையே ஆராதனையின் மையம் என்றது. ஆறு வருஷம் கழித்து கேம்பிரிட்ஜில் ஜான் மேசன் நீல், பெஞ்சமின் வெப் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் இறையியல் பேசினார்கள் என்றால் இவர்கள் கட்டடம் பேசினார்கள். எந்தக் காலத்துப் பாணி சரி, பலிபீடம் இருக்கும் பீடப்பகுதி எவ்வளவு நீளம் வேண்டும், மாடி இருக்கை கூடாது, கதவு வைத்த இருக்கை கூடாது என்று அடித்துச் சொன்னார்கள். தங்கள் பத்திரிகையில் புதிய ஆலயங்களைப் பெயர் சொல்லி விமர்சித்தார்கள். ஒரு மாணவர் சங்கத்தின் கருத்துக்கு நாடு முழுக்கக் கட்டடக் கலைஞர்கள் பயந்தார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொரு பக்கம் கட்டடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின். நாற்பது வயதில் இறந்துபோன மனிதர். அதற்குள் ஒரு தலைமுறையின் சிந்தனையையே திருப்பிவிட்டார். கட்டடத்துக்குத் தேவையில்லாத எதுவும் அதில் இருக்கக் கூடாது. அலங்காரம் என்பது கட்டுமானத்தை அழகுபடுத்துவதாக இருக்க வேண்டுமே தவிர மேலே ஒட்டவைப்பதாக இருக்கக் கூடாது. இதுதான் அவருடைய கொள்கை. கோதிக் பாணி இந்தக் கொள்கைக்குப் பொருந்துகிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

சரி, கோதிக் என்றால் என்ன? எளிதாகச் சொன்னால், ஐரோப்பாவின் இடைக்காலத்தில் வளர்ந்த, கூர்வளைவை அடிப்படையாகக் கொண்ட கட்டுமுறை. அரைவட்ட வளைவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் உயரம் அகலத்தில் பாதிதான். இருபது அடி அகலம் என்றால் பத்தடி எழும்பும், அதற்கு மேல் போகாது. கூர்வளைவில் இரண்டு வட்டத்துண்டுகள் உச்சியில் சந்திக்கின்றன. அகலத்தை மாற்றாமலே உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதோடு மேலிருந்து வரும் எடை பக்கவாட்டில் தள்ளுவதும் குறைகிறது. மிச்சமிருக்கும் தள்ளலைச் சமாளிக்க வெளிப்பக்கம் ஆங்காங்கே முட்டுச்சுவர் கட்டுவார்கள். சென்னையில் 1896-ல் இன்றைய வடிவம் பெற்ற சாந்தோம் பேராலயம் இதே கோதிக் மறுமலர்ச்சி அலையில் எழுந்ததுதான். அதைப் பார்த்தவர்களுக்குக் கூர்வளைவும் ஊசிக்கோபுரமும் பழகிய காட்சி.

நூறடி இடத்தில் ஒரு முன்மாதிரி

கேம்பிரிட்ஜ் சங்கம் பிறகு லண்டனுக்கு இடம்பெயர்ந்து, பெயரையும் மாற்றிக்கொண்டது. தன் கொள்கைகளை எல்லாம் ஒரே கட்டடத்தில் கட்டிக்காட்ட ஆசைப்பட்டது. மார்கரெட் ஸ்ட்ரீட்டில் முன்பு ஒரு சிறு ஆலயம் இருந்தது. அந்த இடம் கிடைத்தது. ஹென்றி டிரிட்டன் என்ற வங்கியாளர் பெருந்தொகை கொடுத்தார். நாடாளுமன்ற உறுப்பினரும் சங்கத்தின் முக்கியஸ்தருமான பெரஸ்ஃபோர்டு ஹோப் மேற்பார்வைக்கு வந்தார். அடிக்கல் வைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் பியூசி. கடைசியில் மொத்தச் செலவு சுமார் 70,000 பவுண்டு வரை போயிற்று.

இடமோ ஏறக்குறைய நூறடிக்கு நூறடி. அதற்குள் ஆலயம், குருமார் தங்கும் வீடு, பாடகர் குழுச் சிறுவர்களுக்கான பள்ளி எல்லாம் வர வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் அடுத்தவர் கட்டடங்கள். கிராமத்து ஆலயம் என்றால் நடுவில் ஆலயம், சுற்றிலும் கல்லறைத் தோட்டம். அந்த அமைப்பு இங்கே நடக்காது. பட்டர்ஃபீல்டு ஆலயத்தைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளிவைத்தார். முன்னால் முற்றம், முற்றத்தின் இரண்டு பக்கமும் வீடும் பள்ளியும். அகலத்தில் கிடைக்காததை உயரத்தில் எடுத்துக்கொண்டார். வீடும் பள்ளியும் மாடி மேல் மாடியாக நெருக்கி எழும்புகின்றன; அவற்றுக்குப் பின்னால் ஆலயம், அதற்கும் மேலே கோபுரம். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் துணிச்சல் புரியும். இடைக்கால ஆலயத்தைப் பார்த்து இப்படி ஒரு தீர்வை அப்படியே எடுத்துவிட முடியாது. நகல் என்று சொல்கிறவர்களுக்கு என் முதல் பதில் இந்த முற்றம்தான்.

உள்ளே போனால் வழிபாட்டுக் கொள்கை தரைப்படத்திலேயே தெரிகிறது. வாசலுக்குப் பக்கத்தில், தென்மேற்கு மூலையில், கோபுரத்தின் அடியில் ஞானஸ்நானத் தொட்டி. சபைக்குள் நுழைவது ஞானஸ்நானத்தால் என்பதால் அதற்கு அந்த இடம். அப்புறம் மக்கள் உட்காரும் நடுக்கூடம், அகலமான மூன்று வளைவுகள் மட்டும் கொண்டது. நடுக்கூடத்துக்குக் கிழக்கே படிகள், தாழ்வான பளிங்குத் தடுப்பு, பாடகர்களும் குருமாரும் இருக்கும் பீடப்பகுதி, அதன் கோடியில் பலிபீடம். நடுக்கூடத்துக்கு மரக்கூரை, பீடப்பகுதிக்கு மட்டும் வளைந்த கல்கூரை. எது முக்கியமான இடம் என்று கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1818 சட்டத்தின் செவ்வகக் கூடங்களில் பார்வை பிரசங்க மேடைக்குப் போகும். இங்கே பிரசங்க மேடை அழகான பல நிறப் பளிங்கில் இருந்தாலும் ஓரத்தில் நிற்கிறது. பார்வை நேராகப் பலிபீடத்தில் போய் முடிகிறது.

கறுப்புப் பட்டைகள் எதற்கு?

ஆல் செயின்ட்ஸின் பெயர் கட்டடக் கலை வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் அதன் செங்கல்தான். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

லண்டன் களிமண் பூமியில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல கட்டடக் கல் பக்கத்தில் கிடையாது. அதனால் ஊர் முழுக்கச் செங்கல் வீடுகள். ஆனால் கௌரவமான கட்டடம் என்றால் கல் என்ற எண்ணம் வேரோடியிருந்தது. கல் வாங்க வசதி இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள்? செங்கல் மேல் சாந்து பூசி, அதில் கல் அடுக்கியதுபோலக் கோடு கிழித்து, பெயின்ட் அடித்தார்கள். மார்கரெட் ஸ்ட்ரீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற ரீஜன்ட் ஸ்ட்ரீட், பட்டர்ஃபீல்டு சின்னப் பையனாக இருந்தபோது இப்படித்தான் எழும்பியது. பியூஜின் வழிவந்தவர்களுக்கு இது பொய். சுவர் ஒன்றாக இருந்து, முகம் இன்னொன்றாக இருக்கக் கூடாது.

பட்டர்ஃபீல்டு லண்டனின் பிம்லிகோ பகுதியில் ஒரு கட்டடக் கான்ட்ராக்டரிடம் தொழில் பழகியவர். செங்கல் அவருக்குக் கை பழகிய பொருள். அவர் செங்கல்லை மறைக்கவில்லை. தேர்ந்தெடுத்த உயர்தர இளஞ்சிவப்புச் செங்கல்லையே வெளியே காட்டினார், அன்றைய விலையில் கல்லைவிட அதிகம் செலவழித்து. அதற்கு நடுவில் கறுப்புச் செங்கல் வரிசைகளையும், குறுக்கும் நெடுக்குமான கோலங்களையும், இடையிடையே வெளிர்க் கல்லையும் வைத்தார். காஞ்சிபுரம் பட்டில் கரையின் நிறம் நூலிலேயே ஊறி, தறியிலேயே உடலோடு கோக்கப்படுகிறது அல்லவா, இந்தச் சுவரின் நிறமும் அப்படி. மேலே அடித்தது இல்லை. கொத்தனார் சுவரை எழுப்ப எழுப்ப, அந்த வேலையிலேயே பட்டையும் கோலமும் பிறக்கின்றன. கறுப்புச் செங்கல்லை எடுத்துவிட்டால் அலங்காரம் மட்டும் போகாது, சுவரே ஓட்டை விழும்.

செங்கல்லுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. களிமண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. சூளையில் காற்று நன்றாகப் போய்வந்தால் அது சிவக்கும். சூட்டை ஏற்றி, காற்றைக் குறைத்துச் சுட்டால் அதே இரும்பு கருநீலமாக, கறுப்பாக மாறும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஸ்டாஃபர்ட்ஷைரின் மண்ணில் இந்த இரண்டு நிறமும் எடுத்தார்கள். ஆக, சுவரில் நாம் பார்க்கும் கோலம் மண்ணும் நெருப்பும் கொடுத்த நிறம். வெயிலுக்கும் மழைக்கும் உரிந்து வராது. அன்றைய லண்டனின் நிலக்கரிப் புகை வெளிர்க் கல்லைக் கரியாக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

காலமும் கைகொடுத்தது. 1784 முதல் ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவு என்று வரி இருந்தது. அந்த வரியை 1850-ல் எடுத்துவிட்டார்கள், அடிக்கல் வைத்த அதே வருஷம். கண்ணாடி மேலிருந்த வரி 1845-லேயே போயிருந்தது. ரயில் வந்துவிட்டதால் தூரத்துச் சூளைகளின் செங்கல்லும் தூரத்துச் சுரங்கங்களின் கல்லும் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. இது ரயில் காலத்து ஆலயம் என்று சொன்னால் பட்டர்ஃபீல்டு கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், வேலை முடிவதற்கு முன்னாலேயே, 1853-ல், இந்த ஆலயத்தைப் பெரிதும் பாராட்டி எழுதினார். ஆனால் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. மேற்பார்வையிட்ட பெரஸ்ஃபோர்டு ஹோப்புக்கும் பட்டர்ஃபீல்டுக்கும் நிறங்களைப் பற்றிக் கடும் மனத்தாங்கல். இன்று போய் நிற்கிறவர்களிலும் சிலர் "கண்ணைப் பறிக்கிறது" என்று முகம் சுளிப்பது உண்டு. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கட்டியவர் நம் ரசனையைச் சமாதானப்படுத்த வரவில்லை.

உள்ளே, கொஞ்சம் கிட்டப்போய்

உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தோன்றும். கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல் அடுத்த கட்டடம் இருப்பதால் பலிபீடத்துக்கு மேலே ஜன்னலே இல்லை. பெரும்பாலான கோதிக் ஆலயங்களில் மிகப் பெரிய ஜன்னல் இருப்பது அந்த இடத்தில்தான். இங்கே அந்தச் சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஓவியம். ஒளி பக்கச் சுவர்களின் மேல்வரிசை ஜன்னல்களிலிருந்தும் மேற்கு ஜன்னலிலிருந்தும் இறங்குகிறது. அந்த ஒளியில்தான் தூண்களைப் பார்க்க வேண்டும். மெருகேற்றிய சிவப்பு கிரானைட், ஸ்காட்லாந்தின் அபர்தீன் பகுதியிலிருந்து வந்தது. இடைக்காலக் கல்தச்சர்களால் கிரானைட்டை இப்படிக் கண்ணாடிபோல் பளபளக்கவைப்பது எளிதில் முடிந்திருக்காது. நீராவி இயந்திரம் வைத்து மெருகேற்றும் தொழில் அபர்தீனில் வளர்ந்தது 19-ம் நூற்றாண்டில்.

தூண்களுக்கு மேலே, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவிலுள்ள சுவர்ப்பகுதியில் வட்டமும் நட்சத்திரமுமாக வடிவியல் கோலங்கள். கிட்டத்தில் பார்த்தால் அவை வரைந்தவை இல்லை. வெவ்வேறு நிறக் கற்கள் பதித்திருக்கிறார்கள். சில இடங்களில் வெளிர்க் கல்லில் கோடு செதுக்கி, அந்தக் குழியில் கறுப்பு மாஸ்டிக் கலவையை நிரப்பியிருக்கிறார்கள். வெளிச்சுவரின் அதே கொள்கை உள்ளேயும் தொடர்கிறது.

விக்டோரியா கால ஆலயத் தரைகளில் அடிக்கடி தென்படும் கோல டைல்ஸும் இதே வகைதான். ஈரக் களிமண் பலகையில் அச்சு வைத்து அழுத்தி, பள்ளமான கோலத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றி, உலரவைத்துச் சுரண்டிச் சமன்படுத்திச் சுடுவார்கள். கோலம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இருப்பதால் தலைமுறை தலைமுறையாகக் கால்கள் தேய்த்தும் அழிவதில்லை. ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டின் மின்டன் நிறுவனம் இந்த டைல்ஸை நாடெங்கும் அனுப்பியது. இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பழைய ஆலயத்துக்குப் போனால் வாசலுக்குப் பக்கத்தில் நடைபாதை டைல்ஸைக் குனிந்து பாருங்கள். பளபளப்பு போயிருக்கும், கோலம் இருக்கும்.

கொள்கை எங்கே சறுக்குகிறது என்பதையும் ஆல் செயின்ட்ஸ் காட்டுகிறது. பலிபீடத்துக்குப் பின்னால் முதலில் சுவரோவியம் தீட்டியவர் வில்லியம் டைஸ். சுவரின் மேல் தீட்டிய அந்த ஓவியங்கள் லண்டனின் காற்றில் சீக்கிரமே சிதையத் தொடங்கின. இப்போது நாம் பார்ப்பது 1909-ல் நினியன் காம்ப்பர் பலகைகளில் தீட்டி முன்னால் பொருத்தியவை. மெல்லிய, தங்கம் தோய்ந்த அழகு. பட்டர்ஃபீல்டின் முரட்டுத் தெளிவுக்குப் பக்கத்தில் வேறு ஒரு குரல். மாறாக, வடக்குச் சுவரைப் பாருங்கள். அங்கும் அடுத்த வீடு ஒட்டியிருப்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. முதல் குருவான அப்டன் ரிச்சர்ட்ஸ் 1873-ல் இறந்தபோது அவர் நினைவாகப் பட்டர்ஃபீல்டு அந்தச் சுவர் முழுவதையும் சுட்ட ஓவிய டைல்ஸால் நிரப்பினார். நடுவில் கிறிஸ்து பிறப்பு, சுற்றிலும் பழைய ஏற்பாட்டு மனிதர்களும் ஆதிச்சபைத் தலைவர்களும். சூளையில் சுட்ட நிறம் என்பதால் அந்தச் சுவர் இன்றும் தெளிவாக இருக்கிறது.

மற்ற ஆலயங்களுக்குப் போகும்போது

ஆல் செயின்ட்ஸில் கண் பழகிவிட்டால் மற்ற இடங்கள் தாமாகத் திறக்கும். லண்டனிலேயே பிம்லிகோவில் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் த லெஸ் இருக்கிறது, 1859 முதல் 1861 வரை கட்டியது. அதுவும் சிவப்பும் கறுப்புமான செங்கல், ஆனால் இத்தாலிய வாசனை தூக்கல். கில்பர்னில் ஜான் லப்ரோ பியர்சன் 1870-களில் கட்டிய செயின்ட் அகஸ்டின் வெளியே செங்கல், உள்ளே வளைவுக் கூரையின் உயரம். மூன்று பேரும் ஒரே இயக்கத்தின் பிள்ளைகள், மூன்று பதில்கள்.

பட்டர்ஃபீல்டையே தொடர விரும்பினால் ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரி உண்டு. அங்கே பட்டைகள் இன்னும் உரத்துப் பேசும். ஆனால் நான் முதலில் அனுப்புவது யார்க்ஷைர் கிராமமான பால்டர்ஸ்பிக்கு. ஆல் செயின்ட்ஸ் வேலை நடந்துகொண்டிருந்த அதே 1850-களில் அவர் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் ஆலயம் அங்கே இருக்கிறது. கல் கிடைக்கும் ஊர், சுற்றிலும் வயல். அதனால் வெளிச்சுவர் முழுக்க அமைதியான கல்; கறுப்புப் பட்டையைத் தேடினாலும் கிடைக்காது. கதவைத் திறந்து உள்ளே போனால் மார்கரெட் ஸ்ட்ரீட்டின் அதே இளஞ்சிவப்புச் செங்கல் சுவர் எதிரே நிற்கும்.